விளக்குப் பெட்டி

சாயப்பட்டறை லேபில் எனக்கு
நிறம் பார்க்கிற வேலை.
பார்ட்டி அனுப்பிய துண்டையும் நாங்கள் நனைத்த துண்டையும்
பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து
பொத்தானை அமுக்குவேன்.
பகல் வெளிச்சத்தில் ரெண்டும் ஒரே பழுப்பு.
கடை வெளிச்சத்தில் எங்களுடையது கொஞ்சம் சிவந்துவிடும்.
துணி பொய் சொல்வதில்லை,
ரெண்டு தடவையும்.

பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன்.
என்னை ஒருநாளும் அந்தப் பெட்டிக்குள் வைத்ததில்லை.

குடிப்பேன் என்று வாய்விட்டுச் சொல்ல
மூன்று சனிக்கிழமை ஆயிற்று.
திருப்பூரில், ஜிப்பும் பட்டனும் விற்கிற கடைக்கு மேல்மாடி.
எட்டு பிளாஸ்டிக் நாற்காலி.
சங்ககிரி லாரிக்காரர் ரங்கநாதன்
"ஏனுங்க, நீங்களுமா?" என்று கேட்டுவிட்டு
தலையைக் குனிந்துகொண்டார்.
நானும்தானுங்க.
நீலமூடி போட்ட தண்ணீர் பாட்டிலில்.
பாதி தண்ணீர், பாதி பிராந்தி.

டிபிடி என்றார் ஆலோசகர் ஃபிலோமினா.
"டிபி மாத்திரையாட்ட இருக்குதுங்" என்றார் ரங்கநாதன்.
எல்லோரும் சிரித்தோம். அன்றைக்கு அதுவே பெரிய மருந்து.
ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்:
தேதி, குடிக்கத் தோன்றியது எவ்வளவு, பூஜ்யம் முதல் ஐந்து,
அப்போது என்ன செய்தாய்.
சாயத்தை மில்லிகிராமில் எழுதுகிற கை
வெட்கம் நாலு என்று எழுத மறுத்தது.

ஆசை அலை மாதிரி, எதிர்க்காதே, மேலே மித என்றார்.
நான் கடல் பார்த்ததே ஒரு தடவைதான்.
அதனால் ஆடிக்காற்று என்று வைத்துக்கொண்டேன்.
பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து
பல்லடம் தாண்டி, காற்றாடிகளை எல்லாம் சுற்றவிட்டு
கொடியில் கிடந்த பாவாடையைப் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டு
வரும். அடிக்கும். போகும்.
அதைப் பிடித்து நிறுத்தியவர் யாருமில்லை.
அது நிற்காமல் இருந்ததும் இல்லை.

ஒரு சாயங்காலம் கோபியிலிருந்து போன்.
தங்கச்சி வீட்டில் வளர்கிற என் மகள்.
"ஆண்டு விழாவுக்கு நீ வராதே."
ஐந்து. அட்டையில் ஐந்துக்கு மேல் இடம் இல்லை.
பேக்கரியில் ஐஸ்கட்டி கேட்டேன்,
ஜூஸ் போடுகிற பையன் கவர் நிறையக் கொடுத்தான்.
குண்டாவில் கொட்டித் தண்ணீர் ஊற்றி முகத்தை முக்கினேன்.
மூச்சைப் பிடித்து முப்பது.
நெஞ்சு, ஓடிக்கொண்டிருந்த நெஞ்சு,
வேகத்தடையில் ஏறின பஸ் மாதிரி மெதுவாகியது.
அழுகை நிற்கவில்லை.
கடைக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

அறுபத்து மூன்றாம் நாள் குடித்தேன்.

ஃபிலோமினா திட்டவில்லை. அணைக்கவும் இல்லை.
"பின்னால போலாம்" என்றார்.
பாட்டிலுக்கு முன்னால் என்ன, அதற்கு முன்னால்,
அதற்கும் முன்னால்.
"நிட்டிங் துணியில நீளமா ஓட்டை விழுமே,
ஊசி எங்க உடைஞ்சுதுன்னு பாப்பீங்களே."
நான் போன் என்றேன், சம்பளப் பிடித்தம் என்றேன்,
மேனேஜர் செங்கோடன் பார்த்த பார்வை என்றேன்.
கடைசியில் அது மத்தியானம் சாப்பிடாமல் விட்டது.
அதற்கு முந்தின ராத்திரி தூங்காதது.
இத்தனை சின்ன ஊசி.

"உங்களால முடிஞ்சதைத்தான் செஞ்சீங்க.
இது பத்தாது, இன்னும் செய்யணும்.
ரெண்டும் நெசம்."
எதிலே எது பொய் என்று தேடினேன்.
விளக்கை மாற்றிப் பார்த்தேன்.

வெட்கம் ஒளியச் சொன்னால் போய் நில் என்பது பாடம்.
தங்கச்சிக்கு மட்டும் சொல்லிவிட்டு
கோபி பஸ் ஏறினேன்.
வாய்க்கால் ஓரம் நெல் பச்சையாக நின்றது,
எந்தப் பச்சை என்று மனசுக்குள் நம்பர் போட்டபடியே போனேன்.

இதழினி மேடையிலிருந்து இறங்கி வந்தாள்.
முகத்தில் பவுடர் வேர்வையில் கோடு கோடாக.
"வராதேன்னு சொன்னேன்ல."
சொன்னே.
தாகமாக இருந்திருக்கும்.
என் பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள்.
நீலமூடியைத் திருகினாள்.
மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தாள்.
குடித்தாள்.